நசியாத தேசிக்காய்

என் தங்கையின் கணவர் இருபது வருடம் ஐஸ் லொறி ஓடியவர். தலைமன்னாரில் மீன் ஏற்றிக் கொழும்பில் இறக்கி, வெறும் பெட்டிகளோடு திரும்பி வருவார். போன வருடம் அவருடைய முதுகெலும்பின் படத்தைப் பார்த்த டாக்டர், இனித் தூர ஓட்டம் கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மச்சான் வீட்டில் இருந்தார். மூன்றாவது வாரம் தங்கை தன் நானாவான எனக்குப் போன் எடுத்தாள்.

“நானா, இவருக்கு ஏதாவது வேலை பாத்துக் குடுங்கோ. என்ர அலுமாரியை மூண்டு தரம் அடுக்கிப்போட்டார். இப்ப கறிக்கு உப்புக் காணுமோ எண்டு சட்டிக்குள்ள எட்டிப் பாக்கிறார்.”

நான் வேலை பார்த்துக் கொடுக்கவில்லை. அவரே தேடிக்கொண்டார். நான்கு சில்லுகளுக்கும் இழுவை உள்ள, எந்தத் தரையிலும் ஓடக்கூடிய மோட்டார் வாகனங்களை இறக்குமதி செய்யும் கொழும்புக் கம்பனி ஒன்று மாவட்டத்துக்கு ஒரு முகவரைத் தேடிக்கொண்டிருந்தது. நிபந்தனை ஒன்றுதான். ஒரு வாகனத்தை ஒரு மாதம் கொடுத்து வைப்பார்கள். அந்த மாதத்துக்குள் யாராவது ஒருவர் அதை வாங்கினால் மன்னார் முகவர் வேலை மச்சானுக்கு. வாங்காவிட்டால் வந்த லொறியே வந்து திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு அவருக்கு மிஞ்சியிருப்பது தங்கையின் அலுமாரி.

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் நீண்ட காலம் துணை ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது மன்னாரில் இருந்தபடி ஒரு வார இதழுக்கு வாகனப் பக்கம் எழுதுகிறேன். ஆகவே வாகனம் வந்து இறங்கிய அன்றே எனக்கு அழைப்பு வந்தது.

அது மோட்டார் சைக்கிளின் கைபிடியும் உழவு இயந்திரத்தின் பிடிவாதமும் கொண்ட பொருள். இருக்கையில் குதிரையில் ஏறுவதுபோலக் காலை அகட்டித்தான் உட்கார வேண்டும். சில்லுகள் குட்டையாக, அகலமாக, ஆழமான பற்களோடு இருந்தன. டயரைப் பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. காற்று அவ்வளவு குறைவு. முன்னாலும் பின்னாலும் சாமான் கட்டுவதற்கு இரும்புத் தட்டுகள். இரண்டு நாளுக்குள் மன்னார்த் தீவில் அதற்கு நண்டு என்று பெயர் வந்துவிட்டது. மச்சானுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவர் கம்பனியின் விபரப் புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தார். இயந்திரத்தின் வலு, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலான உயரம், டயரின் காற்றழுத்தம், பாரம் ஏற்றக்கூடிய அளவு எல்லாம் எந்த ஒழுங்கில் கேட்டாலும் சொல்லுவார். ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. அதில் ஏறவில்லை.

“கதவில்லாத வாகனத்தில நான் ஏறமாட்டன் மச்சான். இருபது வருசம் கதவுக்குப் பின்னால இருந்தவன். நீங்கள் ஓடிப் பாருங்கோ. நான் நிண்டு விளக்கம் சொல்லுறன்.”

தலைமன்னாரில், புகையிரத நிலையத்தைத் தாண்டி இறங்குதுறைப் பக்கமாகப் போகும் மணலில் நான் ஓடிப் பார்த்தேன். வேகம் கொடுப்பது வலது பெருவிரலால். கைபிடிக்குக் கீழே ஒரு சிறு நெம்பு. அதை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் ஓடிய பிறகு அந்த விரலால் பேனா பிடிக்க முடியவில்லை. பின் சில்லுகளுக்கு மட்டும் இழுவை கொடுத்து ஓடினால் மணலைக் கிண்டிக்கொண்டு இறங்கியது. பொத்தானை அழுத்தி முன் சில்லுகளையும் சேர்த்ததும், யாரோ முன்னால் நின்று கயிறு போட்டு இழுத்ததுபோல மேலே வந்தது. மணல்மேட்டில் ஏறும்போது எழுந்து நின்று உடம்பை முன்னே சாய்க்க வேண்டும், இறங்கும்போது பின்னே. இதை விபரப் புத்தகம் ஒரு படத்தில் காட்டியிருந்தது. படத்தில் இருந்தவருக்கு என்னிலும் முப்பது வயது குறைவு. வழியில் ஐந்து கழுதைகள் நின்றன. நான் ஹோர்ன் அடித்தேன். அவை என்னைப் பார்த்துவிட்டு, விலகத் தேவையில்லை என்று தீர்மானித்தன. நான் சுற்றிக்கொண்டு போனேன்.

இவ்வளவையும் எழுதினேன். மச்சான் என் தோளுக்கு மேலால் வாசித்தார்.

“கழுதையை எடுத்துப்போடுங்கோ.”

“ஏன்?”

“வாங்கிற ஆக்கள் வாசிப்பினம். இவ்வளவு வலுவுள்ள மெசின் கழுதைக்கு வழி விட்டது எண்டு எழுதினால் ஆர் வாங்குவினம்?”

கழுதை அச்சில் வந்தது. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பரீட்சார்த்த ஓட்டம் இலவசம் என்று அவர் அறிவித்ததுதான் முதற் பிழை. ஒரு வாரத்துக்குள் தீவே வந்து ஓடிப் பார்த்தது. தீவுக்கு வெளியே அரிப்பு என்ற ஊரிலிருந்துகூட ஒரு மீன் வியாபாரி மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மச்சினன்மாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தலைக்கவசம், கையுறை, குளிர்க்கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு வந்து, கடற்கரையில் இருநூறு யார் தூரம் போய்த் திரும்பி, “உறுதியான தயாரிப்பு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மச்சான் ஒரு கொப்பி வைத்து ஓடியவர்களின் கருத்துகளை எழுத வைத்தார். அதை நான் புரட்டிப் பார்த்தேன். ‘மிகவும் நன்று.’ ‘இன்னும் வேகமாக ஓடும் என்று நினைக்கிறேன்.’ ‘குடும்பத்தோடு மீண்டும் வருவோம்.’

“மச்சான், இது நீங்கள் லொட்ஜ் நடத்துற மாதிரிக் கிடக்கு” என்றேன்.

“வாங்குவினம். யோசிக்கினம்.”

நான்காவது வாரம் வரைக்கும் யோசித்தார்கள். வெள்ளிக்கிழமை கம்பனி லொறி வருவதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் பாப்பாமோட்டையிலிருந்து ஒரு போன் வந்தது. வயல் செய்கிறவர். தன் வயலுக்கு மழைக் காலத்தில் ஒரு வாகனமும் போகாது என்றும், தனக்கு அவ்வளவு தூரம் நடக்க ஏலாது என்றும், விதைப்புக்கு முன்னர் ஒரு வழி பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இலவசமா என்று அவர் கேட்கவில்லை. மச்சான் போனை வைத்துவிட்டு, “இவர் வாங்குவார்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வியாழன் காலை நண்டைச் சின்ன லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு போனோம். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. அவருடைய வீட்டு முற்றம் ஊறிக் கிடந்தது. இறக்குவதற்குக் கொண்டுபோன இரண்டு பலகைகளும் புதைந்துவிடும் போலிருந்ததால், வீட்டுக்காரர் இரண்டு சீமெந்துக் கல் கொண்டுவந்து பலகைகளின் கீழ் நுனிகளுக்கு அடியில் வைத்தார். அவர் ஒரு தடியை ஊன்றித்தான் நடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே சற்று வளைந்திருந்தது. வாகனத்தை இறக்கியதும் அவர் அதைச் சுற்றி ஒருமுறை வந்தார். பிறகு இருக்கையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

அவருடைய மனைவி ஒரு தட்டத்தோடு வெளியே வந்தார். தட்டத்தில் நான்கு தேசிக்காய்களும் கொஞ்சம் கற்பூரமும் இருந்தன. மச்சானின் முகம் மலர்ந்தது. புது வாகனம் எடுக்கிற சைவ வீடுகளில் நான்கு சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, அதை நசித்துக்கொண்டு வாகனத்தை முதன்முதலாக ஓடுவார்கள் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். தேசிக்காய் வந்துவிட்டது என்றால் வியாபாரம் முடிந்துவிட்டது என்று அவர் கணக்குப் போட்டார்.

“முடிவெடுத்திட்டீங்கள் போல, அக்கா.”

“இல்லை நானா. வாங்கலாமோ எண்டு பாக்கத்தான் தேசிக்காய். போன தரம் ரெண்டு சில்லு உழவு மெசின் கொண்டந்த அண்டைக்கு, நேரம் போகுதெண்டு இவர் தேசிக்காய் வைக்க விடேல்ல. பிறகு அந்த மெசின் எங்க கிடந்தது தெரியுமோ? வாய்க்காலுக்குள்ள. இவருக்கு மேல.”

“மேல இல்லை” என்றார் கணவர். “பக்கத்தில.”

“காலுக்கு மேலதானே கிடந்தது.”

“கால் மட்டும்தான்.”

கணவர் அதோடு நிறுத்திக்கொண்டார். இந்தப் பேச்சு அந்த வீட்டில் பல முறை நடந்திருக்கிறது என்பது தெரிந்தது. கணவரே குனிந்து நான்கு சில்லுகளுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காயை வைத்தார். அந்த அம்மா கற்பூரத்தைக் கொளுத்திச் சுற்றிக் காட்டினார். நான் வழக்கம்போல ஏறுவதற்குப் போனேன்.

“இவர் ஆர்?”

“என்ர மச்சான், அக்கா. பேப்பருக்கு எழுதிறவர். வடிவா ஓடுவார்.”

“எழுதிறவர் எழுதட்டும். விக்கிறவர் ஓடட்டும்.”

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன்.

வேறு வழியிருக்கவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி பிஸ்மி சொல்லி, ஏறி உட்கார்ந்தார். வலது முழங்கை ஒருமுறை வெளியே நீண்டு, இல்லாத கதவைத் தேடிவிட்டுத் திரும்பியது. பெருவிரலை அழுத்தினார். வாகனம் ஒரு முழம் துள்ளி நின்றது. மறுபடியும் அழுத்தினார். இம்முறை முற்றத்தைக் கடந்து, கிணற்றடி வரைக்கும் போய், அங்கே நிற்கக் கற்றுக்கொண்டு, நின்றது. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒரு மாதமாகப் பார்க்கவில்லை.

நாங்கள் மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முன் இடது சில்லின் தேசிக்காய் ஈரமண்ணுக்குள் முழுதாகப் புதைந்திருந்தது. பின் வலதும் அப்படியே. பின் இடது சில்லின் காய் டயர்ப் பற்களுக்கு நடுவில் அகப்பட்டு, கிணற்றடி வரைக்கும் பயணம் செய்து, அங்கே உதிர்ந்து கிடந்தது. முன் வலது சில்லின் காய் வழுக்கி, லொறிப் பக்கமாகத் தெறித்து ஓடியதைக் கண்டோம். பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த அம்மா அகப்பட்ட மூன்றையும் பொறுக்கி, சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிலும் கீறல் இல்லை.

“நசியேல்லை” என்றார்.

“அக்கா, அதுதான் இந்த மெசின்ர விசேசம்!” மச்சான் இறங்கி ஓடி வந்தார். அவருக்குக் கைகொடுக்க மனப்பாடம் இருந்தது. “டயருக்குக் காத்துக் குறைவு, அகலம் கூட. பாரம் பரந்துதான் நிலத்தில படும். மனிசற்ற காலை விட மெதுவாப் படும் எண்டு புத்தகத்தில கிடக்கு.”

“மனிசற்ற காலை விடவோ?”

“ஓம் அக்கா. வல்லாஹி, சத்தியமா.”

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்ப வாங்கோ. என்ர வரம்பில ஓடிக் காட்டுங்கோ.”

வீட்டுக்குப் பின்னாலிருந்து வயலுக்குப் போகும் பெரிய வரம்பு அது. முன்பு ஒவ்வொரு காலபோக வெள்ளாமையிலும் இரண்டு சில்லு மெசின் அதன் ஓரத்தை உடைக்கும்; உடைந்ததைச் சேறு வைத்துக் கட்டுவது அந்த அம்மா. மெசின் போன பிறகும் ஆட்களும் மாடும் உடைத்ததை நான்கு நாள் நின்று கட்டி, முதல் நாள் பின்னேரம்தான் முடித்திருந்தார். மண் இன்னும் காயவில்லை.

“இஞ்சேரும், புது மண்” என்றார் கணவர்.

“அதுக்குத்தானே சொல்லுறன்.”

மச்சான் வரம்பில் ஓடினார். இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சமிருந்தது. அவர் முன்னால் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. வானத்துக்கும் வயலுக்கும் நடுவில் எங்கேயோ பார்த்துக்கொண்டு போனார். நானும் அந்த அம்மாவும் பின்னால் நடந்தோம். அந்த அம்மாவின் கால் அடையாளமும் டயர் அடையாளமும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்த ஓரிடத்தில் நான் குந்தியிருந்து பேனாவைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தேன். அவருடைய குதிக்கால் பதிந்த இடத்தில் பேனாவின் முனைப் பகுதி முழுவதும் இறங்கியது. டயர் பதிந்த இடத்தில் அதில் பாதி. அவரும் குந்தியிருந்து பார்த்தார். தன் காலைத் தூக்கி, அடியைப் பார்த்தார்.

“நான் அவ்வளவு பாரமில்லையே” என்றார்.

வரம்பின் ஓரம் ஓரிடத்திலும் உடையவில்லை. கணவர் தடியை ஊன்றியபடி வீட்டோரம் நின்றிருந்தார். மச்சான் வெற்றியோடு திரும்பி வந்தார்.

“அப்ப சரிதானே அக்கா?”

“வரம்பு வேற நானா. தேசிக்காய் வேற.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் கவலைதான். “வாகனம் நல்லது. நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா தேசிக்காய் நசியாத வாகனத்தில இவரை எப்பிடி ஏத்தி அனுப்புறது? பிறகு ஏதும் நடந்தால் நான் ஆரைக் கேக்கிறது, உங்களையோ?”

மச்சான் விபரப் புத்தகத்தில் இதற்குப் பதில் தேடினார். அந்த வீட்டில் இந்த விடயத்தில் கணவருக்குச் சொல்லும் உரிமை வாய்க்காலோடு போய்விட்டிருந்தது. எங்களுக்குப் பிளேன்ரீ வந்தது. குடித்தோம். மச்சான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.

“நான் ஏத்துறன் மச்சான்” என்றேன்.

“வேணாம். ஒரு மாசமா ஏறேல்ல. இண்டைக்காவது நானே ஏத்திறன். நாளைக்குப் போயிடும்.”

அவர் வாகனத்தைப் பலகைகளுக்கு நேரே நிறுத்தி, உடம்பை முன்னே சாய்த்து, விரலை அழுத்தினார். முன் சில்லுகள் பலகையில் ஏறின. வலது பலகையின் கீழிருந்து ‘பட்’ என்று ஒரு சத்தம் வந்தது. சாறு என் கொப்பியில் தெறித்தது.

“நில்லுங்கோ!” என்றார் அந்த அம்மா.

மச்சான் பாதிப் பலகையில் நின்றார். “என்ன நசிஞ்சது? மச்சான், ஆரும் கீழயோ? கோழியோ?”

கோழி இல்லை. காணாமல் போன நான்காவது தேசிக்காய். தெறித்து ஓடியது, பலகைக்கும் சீமெந்துக் கல்லுக்கும் இடையில் போய் மாட்டியிருந்திருக்கிறது. டயரின் மெத்தை அதைக் காப்பாற்றியிருக்கும். பலகையிடமிருந்து அதைக் காப்பாற்ற ஒன்றும் இருக்கவில்லை. அந்த அம்மா குனிந்து பார்த்தார். கணவரும் தடியை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“நசிஞ்சிட்டுது” என்றார் கணவர், மெதுவாக.

“நசிஞ்சதுதான். ஆனா போகேக்க நசிஞ்சால் கணக்கில்லை. வரேக்க நசியோணும்.”

“அப்ப வரட்டும்” என்றார் கணவர். அன்று அவர் சொன்னவற்றில் சத்தமாகச் சொன்னது இது ஒன்றுதான்.

மச்சானுக்குப் பலகையின் நடுவிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. “வாறதெண்டால், அக்கா, பின்னாலயோ?”

“முதல்ல மேல போங்கோ. தேசிக்காய் வைச்சிட்டுச் சொல்லுறன்.”

அவர் லொறித் தட்டில் ஏறி நின்றார். இறங்கினால் மறுபடி ஏற மனம் வராது என்று பயந்தாரோ என்னவோ, இருக்கையை விட்டு அசையவில்லை. அந்த அம்மா கிணற்றடித் தேசி மரத்துக்குப் போய், ஆறுதலாகப் பார்த்து, ஒரு காய் பறித்துக்கொண்டு வந்தார். நானும் கணவரும் பலகை நுனிகளைத் தூக்க, ஒவ்வொரு கல்லிலும் இரண்டிரண்டாக நான்கு காய்களையும் வைத்தார். கற்பூரம் முடிந்திருந்தது. அது ஏற்கெனவே காட்டியாயிற்று, போதும் என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

“இப்ப வாங்கோ நானா.”

இருபது வருடம் ஒடுக்கமான சந்தைத் தெருக்களில் ஐஸ் லொறியைப் பின்னால் எடுத்த மனிதர் அவர். ஆனால் அப்போதெல்லாம் அவருக்குக் கதவும் கண்ணாடியும் இருந்தன. இப்போது கழுத்தைத் திருப்பி, பல்லைக் கடித்து, விரற்கடை விரற்கடையாக இறங்கினார். பின் சில்லுகள் கீழ் நுனிக்கு வந்தபோது வலதில் இரண்டு சத்தம், இடதில் ஒன்று. எல்லோரும் இடது பலகையைப் பார்த்தோம். மச்சானும் பார்த்தார், அதனால் நின்றுவிட்டார்.

“வாங்கோ, வாங்கோ, இன்னும் ஒண்டு!”

முன் இடது சில்லு நுனிக்கு வந்தது. நான்காவதும் நசிந்தது. முற்றம் முழுக்கத் தேசிக்காய் மணம்.

அந்த அம்மா நான்கையும் எடுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். மச்சான் இறங்கி, இரண்டு கால்களும் நிலத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் வீட்டுக்காரர் ஏறிவிட்டார். பெருவிரல் நெம்பை எங்களிடம் கேட்காமலே கண்டுபிடித்து, வீட்டைச் சுற்றி, பெரிய வரம்பில் ஏறி, வயலுக்குப் போனார். தடி லொறிச் சில்லில் சாய்ந்து கிடந்தது.

“மெதுவா!” என்று மனைவி கத்தினார். அவர் கையைத் தூக்கிக் காட்டினார், மெதுவாகப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை கம்பனி லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. அடுத்த வாரம் முகவர் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைத் தங்கை அலுமாரிக்குள் வைத்து, அலுமாரியைப் பூட்டித் திறப்பைத் தானே வைத்துக்கொண்டாள்.

மச்சான் கம்பனிக்கு எழுதிய முதல் கடிதத்தை நான்தான் திருத்திக் கொடுத்தேன். அதில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. மன்னாருக்கு அனுப்பும் ஒவ்வொரு வாகனத்தோடும் இரண்டு கனத்த பலகைகளும் இரண்டு சீமெந்துக் கற்களும் அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. கொழும்பிலிருந்து ஓர் உத்தியோகத்தர் போன் எடுத்து, எதற்கு என்று கேட்டார். “எங்கட டயர் சரியான மெது, சேர்” என்று மச்சான் பெருமையோடு விளக்கினார். பலகைக்குச் சம்மதம் கிடைத்தது.

வலது பக்கத்தில் ஒரு கதவு பொருத்த முடியுமா என்ற இரண்டாவது கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை.